‘ரிப்பீட் த்ரீ டைம்ஸ்’ என்றால் மொத்தம் மூன்றா, நான்கா? தறியில் வேலை நிற்கிறது

பத்தமடைப் பெண்:
எங்க உம்மா கோரைப்பாய் நெய்கிறார். வெளிநாட்டிலிருந்து மேசை விரிப்புக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. கூட வந்த தாளில் ‘வீவ் த மோட்டிஃப், ரிப்பீட் த்ரீ டைம்ஸ்’ என்று இருக்கிறது. மொத்தமே மூன்று பூவா, முதல் பூவுக்கு அப்புறம் இன்னும் மூன்றா? மெலிசாகக் கீறிய கோரை. நெய்ததைப் பிரித்தால் பாதி முறிந்துவிடும். உம்மா இரண்டாவது பூவில் இருக்கிறார். வேலை நடக்கும் படத்தை ‘பைவீக்லி’ அனுப்பவும் சொல்கிறார்கள். அது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் தறிக்காரர்:
மூன்றுதான் தங்கச்சி. த்ரீ டைம்ஸ் என்றால் மூன்று தடவை. நான்கு வேண்டுமென்றால் நான்கு என்று எழுதியிருப்பார்களே.

பாளை ஆசிரியை:
அண்ணாச்சி, அவசரப்பட வேண்டாம். ‘ரிப்பீட்’ என்றால் செய்ததைத் திரும்பச் செய்வது. முதலில் ஒன்றை நெய்யச் சொல்லிவிட்டு, அப்புறம் மூன்று முறை திரும்பச் செய் என்றால் கணக்குப்படி நான்கு. ஆனால் எழுதுகிறவர்களில் பலர் மொத்தம் மூன்று என்ற நினைப்பில்தான் இதை எழுதுகிறார்கள். குரோஷா பின்னல் குறிப்புகளிலும் இதே தகராறு உண்டு. கவனமாக எழுதுகிறவர்கள் ‘த்ரீ மோர் டைம்ஸ்’ என்றோ ‘ஃபோர் டைம்ஸ் இன் டோட்டல்’ என்றோ போட்டுவிடுவார்கள். தமிழிலும் ‘திரும்ப மூணு தடவை’ என்றால் குழப்பம்தான். ‘மொத்தம்’, ‘இன்னும்’ இரண்டில் ஒன்று வந்தால்தான் தெளியும்.

தாளில் நீள அளவு ஏதாவது இருக்கிறதா அம்மா? சொல் ஏமாற்றினாலும் அளவு காட்டிக் கொடுக்கும்.

பத்தமடைப் பெண்:
இருக்கு டீச்சர். மொத்த நீளம் 72 அங்குலம். வெறும் பகுதி 40. ஒரு பூ 8 அங்குலம். பூ ஒரு தலைப்பில் மட்டும்.

பாளை ஆசிரியை:
72-இல் 40 போனால் 32. எட்டால் வகுத்தால் 4. மூன்று பூ என்றால் 64 அங்குலத்திலேயே விரிப்பு முடிந்துவிடும். நான்கு என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் நான்காவதைத் தொடும் முன் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்: ‘ஃபோர் மோட்டிஃப்ஸ் இன் டோட்டல், கரெக்ட்?’

‘பைவீக்லி’க்குக் கணக்கு உதவாது. அகராதியே இரண்டு பொருளும் தருகிறது. ‘பைமன்த்லி’யும் அப்படித்தான். ‘ட்வைஸ் எ வீக்’கா, ‘ஒன்ஸ் எவ்ரி டூ வீக்ஸ்’ஸா என்று அதையும் கேளுங்கள். நம்மிடம் இந்தச் சிக்கலே இல்லை: வாரத்துக்கு ரெண்டு தரம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா. எதில் ‘க்கு’ ஒட்டுகிறதோ அதுதான் கால அளவு.

மருந்துக்கடை, வண்ணார்பேட்டை:
கேட்டுவிடுவதுதான் நல்லது. எங்கள் தொழிலில் இது உயிர் சம்பந்தப்பட்டது. ‘எவ்ரி அதர் டே’ என்பதற்கு ‘கியூ.ஓ.டி.’ என்று சுருக்கி எழுதுவது உண்டு. நடுவில் இருக்கும் ஓ தெளியாவிட்டால் தினமும் என்ற ‘கியூ.டி.’ ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004-இல் கொண்டுவந்த எழுதக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இரண்டையும் சேர்த்தது. நான் மருந்து உறையில் ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்று தமிழில் எழுதி, திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று கிழமையும் போட்டுத்தான் கொடுப்பேன். வயதானவர்கள் என்றால் வாய்விட்டு ஒருமுறை திருப்பிச் சொல்ல வைப்பேன்.

மேலப்பாளையம் தறிக்காரர்:
நான் சொன்னதைக் கேட்டு மூன்றோடு நிறுத்தியிருந்தால் எட்டு அங்குலம் குறைந்திருக்கும். நல்லவேளை டீச்சர் அளவைக் கேட்டாங்க. தங்கச்சி, பதில் வரும்வரை பாவு நூலை அறுக்க வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லுங்கள்.

பத்தமடைப் பெண்:
பதில் வந்துவிட்டது. மொத்தம் நான்கு பூ. படம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதுமாம். டீச்சருக்கும், அண்ணன்மார் இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. உம்மா மூன்றாவதை முடித்துவிட்டார். நான்காவதுக்குச் சிவப்புக் கோரையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.