'டொக்டர் வந்தா'வா, 'டொக்டர் வந்தார்'ஆ?

(கிழக்கிலங்கை ஆட்கள் புனைபெயரில் கதைக்கிற ஒரு இணைய இழை)

வாவிக்கரை: வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலையிலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலையிலோ, மொழியும் பால்நிலையும் பற்றி ஒரு பாடம் எடுத்துப் பார்த்தால்தான் நம்மட மொழியின்ர பெருமை விளங்கும். சுவீடன்காரர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக 'ஹென்' என்ற சொல்லை 2015இல்தான் தங்கட அக்கடமி அகராதியில் ஏற்றினார்கள். நமக்குத் தொல்காப்பியத்திலேயே 'அவர்' இருக்கு. தமிழ் எப்பவோ சமத்துவமான மொழி. உலகம் நம்மட்ட படிக்கட்டும்.

கச்சான்காற்று: அடிச்சு விடுறதுக்கும் ஒரு அளவு வேணும். தொல்காப்பியத்தில் 'அவர்' பலர்பால். ஒருத்தரைப் பன்மையில் சொல்லுறது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறி இல்லை என்று அதே நூலின் கிளவியாக்க இயலிலேயே இருக்கு. அது மரியாதைக்கு வந்த சொல், சமத்துவத்துக்கு வந்ததில்லை. மரியாதை குறைஞ்ச இடத்தில் அடுத்த நிமிஷமே அவன், அவள் என்று பிரியும். அதை விடுங்க. மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேளுங்க: 'டொக்டர் வந்தார்' என்றால் ஆண், 'டொக்டர் வந்தா' என்றால் பெண். 'அவர் வீட்டில இல்லை' என்று ஒரு மனிசி சொன்னால் அது புருசன். எங்க உங்கட பொதுச்சொல்?

வாவிக்கரை: பேச்சு வேற, எழுத்து வேற. 'அமைச்சர் கூறினார்' என்று பத்திரிகையில் வந்தால் ஆணா பெண்ணா தெரியுமா? தெரியாது. அவர் பொதுதான்.

ஒலுவில்கரை: சுட்டுப்பெயரை எண்ணித்தான் சமத்துவம் அளக்கிறதென்றால் துருக்கிக்குப் பரிசைக் கொடுங்க. அங்க 'ஓ' ஒன்றுதான். வங்காளியிலும் பின்னிசிலும் அவன், அவள் கிடையாது. அவ்வளவு தூரம் ஏன், அம்பாறைச் சந்தையில் சிங்களம் கதைக்கிற ஆள் 'எயா' என்றுதான் ரெண்டு பேரையும் சொல்லுறார். சீனத்தில் கதை இன்னும் தலைகீழ். 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்தும் ஒன்றாகத்தான் இருந்தது. 1920 வாக்கில் லியூ பன்னொங் என்ற கவிஞர் பெண்ணுக்குத் தனி எழுத்து வேணும் என்று எழுதி அதைப் பரப்பினார். பிரிக்கிறதுதான் அவருக்குப் புதுமை.

மறுகா: எல்லாரும் முதல்ல 'பாலினம்' என்று எழுதுங்க. பால்நிலை என்ன பாலாடை மாதிரி.

ஒலுவில்கரை: பாலினம் தமிழ்நாட்டுச் சொல். இலங்கையில் திணைக்களச் சுற்றறிக்கை வரைக்கும் பால்நிலைதான். கடலைத் தாண்டிப் போய்த் திருத்துங்க.

கச்சான்காற்று: அந்தச் சண்டையை வேற இழையில் பிடியுங்க. வாவிக்கரை இன்னும் 'டொக்டர் வந்தா'வுக்குப் பதில் சொல்லல்ல. சோதிக்க ஆசை என்றால் வழி இருக்கு. நாலு பேர் கதைக்கிற இடத்தில் அனுமதி கேட்டு 20 நிமிஷம் பதியுங்க. போனை மேசை நடுவில் வையுங்க, காற்றாடிக்குக் கீழ வைத்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். முதல் ஐந்து நிமிஷம் ஆட்கள் விறைப்பாக இருப்பாங்க, அதைத் தள்ளுங்க. ஒரு நிமிஷப் பேச்சை எழுதவே பத்து நிமிஷம் போகும். குறுக்கே பேசினால் சதுர அடைப்பு, மௌனத்துக்கு வளை அடைப்புக்குள் விநாடி. பிறகு ஒரு அட்டவணை: யாரைப் பற்றிய பேச்சு, அந்த ஆள் ஆணா பெண்ணா, பேசுறவரை விட மூப்பா, பக்கத்தில் இருக்கிறாரா, என்ன விகுதி வந்தது. மாணவர்கள் பிழை விடுற இடம் எது தெரியுமா? எழுதும்போது கை தானாகவே 'வந்தா'வை 'வந்தார்' என்று திருத்தும். அதோட தரவு செத்துப்போகும். வாவிக்கரைக்கு நடந்ததும் அதுதான்.

மறுகா: புத்தகத்தில் இருக்கிற எண்ணிக்கையை எடுத்தால் போதாதா? ஆண்கள்தான் குறுக்கே பேசுறாங்க என்று 1975லேயே சமூகவியலாளர் சிமர்மனும் வெஸ்டும் காட்டிட்டாங்களே.

கச்சான்காற்று: காட்டினது கலிபோர்னியாவில், ஆணும் பெண்ணும் கலந்த 11 உரையாடலில். 48 குறுக்கீட்டில் 46 ஆண்களுடையது. வாயாடி ஒருத்தன் நடுவில் இருந்தாலே அந்தக் கணக்குச் சாயும். அதைச் சொல்லாமல் 46 என்ற இலக்கத்தை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்து களுவாஞ்சிகுடிக்குப் பொருத்தினால் அதுக்குப் பேர் உலகப் பார்வையா?

வாவிக்கரை: வாயாடி ஒருத்தன் கணக்கைச் சாய்ப்பான் என்று நீங்களே சொன்னது நல்லது. இந்த இழையை ஒருக்கா எண்ணிப் பாருங்க. சரி, மொழியை விடுங்க. கிழக்கில் குடி (குலப்பிரிவு) தாய்வழி, வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போறார். இதை எந்த ஐரோப்பாக்காரன் நமக்குப் படிப்பிக்கிறது?

கச்சான்காற்று: தாய்வழி வேற, பெண்ணாட்சி வேற. வீட்டு உறுதி மகள் பேரில். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் யார்? ஆண்.

ஒலுவில்கரை: நம்மட பக்கம் பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொருத்தராக இருக்கிற மரைக்காரும் அப்படித்தான். குடி தாய்வழி, கதிரை ஆணுக்கு.

வாவிக்கரை: உங்களுக்கு நம்மட ஊரில் எது நல்லதென்றாலும் பொறுக்காது. போன தடவை 'கிறுகி' என்ற சொல்லுக்கு வேர் தேடப் போய் மூக்குடைபட்டதும் நீங்கதானே.

கச்சான்காற்று: 'கிறுகி'க்கு இங்க என்ன வேலை? பேச்சை மாத்தாதீங்க. டொக்டர் வந்தா. பதில்?

மறுகா: பதில் வந்தா சொல்லுவாங்க. இது வேற வந்தா.

வாவிக்கரை: எழுத்தில் 'அவர்' பொது. சொன்னது சொன்னதுதான்.

கச்சான்காற்று: 'ஆசிரியை' எழுத்திலா பேச்சிலா? 'விதவை'? மனைவியை இழந்த ஆணுக்குப் படிவத்தில் மட்டும் 'தபுதாரர்' இருக்கு, அதை வீதியில் யார் சொல்லுறாங்க?

ஒலுவில்கரை: மறுகா, இந்த மாசச் சுற்றறிக்கையிலும் பால்நிலை என்றுதான் இருக்கு. படம் போடவா?