கென்டக்கி மூதாதையர்: 1787 பட்டாவுக்கு அப்புறம் ஆளையே காணோம், உதவி தேவை

வைகைக்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இருப்பது ஒஹாயோவில், மனைவி கென்டக்கிக்காரர். அவருடைய அம்மா வழியில் ஏழு தலைமுறைக்கு முந்திய தாத்தா ஒருத்தர் வர்ஜீனியாவிலிருந்து மலை தாண்டி வந்து குடியேறினவர்னு குடும்பத்தில் பேச்சு. மாமியார் ஆசைப்படுறாங்களேன்னு தேட ஆரம்பிச்சேன், பாதியில் நிக்குது.

கையில் இருப்பது: லிங்கன் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), பெயின்ட் லிக் ஓடை, 400 ஏக்கர். 1784 சர்வே, 1787 பட்டா. அதுக்கப்புறம் லிங்கன் கவுண்டி கிரயப் பத்திர இன்டெக்ஸில் விற்றவர் பக்கமும் இல்லை, வாங்கினவர் பக்கமும் இல்லை. உயில் கிடையாது. கென்டக்கியின் 1790, 1800 சென்சஸ் தாள்கள் தொலைஞ்சே போச்சாம். 1810-இல் அதே குடும்பப் பேரில் மூணு வீடு இருக்கு, இவர் இல்லை. நிலம் என்னாச்சு, எப்போ இறந்தார், பிள்ளைகள் யார்?

பட்டாவின் எல்லை விவரமும் புரியலை: "ஓடைக்கரையில் ரெண்டு சுகர் மரம், ஒரு ஹிக்கரி. அங்கிருந்து வடக்கு 50 மேற்கு 200 போல், தெற்கு 40 மேற்கு 320 போல், வடக்கு 40 கிழக்கு 320 போல் தொடங்கின இடத்துக்கு." அவ்வளவுதான். "போல்" என்பது ஏதோ நீள அளவாம்.

லூயிவில் அக்கா:
தம்பி, ஆளைத் தேடாதீங்க, அந்த ஓடையைத் தேடுங்க. 1780-இல் இந்தப் பக்கம் மொத்தமே மூணு கவுண்டி: ஃபயெட், ஜெஃபர்சன், லிங்கன். இன்னிக்கு 120. மேடிசனையும் மெர்சரையும் லிங்கனிலிருந்துதான் வெட்டி எடுத்தாங்க. 1796-இல் லிங்கன், மேடிசன், மெர்சர் மூணிலிருந்தும் துண்டு துண்டாய் எடுத்துக் காரர்ட் கவுண்டி உண்டாச்சு. இப்போ பெயின்ட் லிக் ஓடை காரர்டுக்கும் மேடிசனுக்கும் நடுவில் எல்லையா ஓடுது. உங்காளு வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே கவுண்டி மாறியிருப்பார். ரெண்டு இடத்துப் பத்திரங்களையும் பாருங்க.

சென்சஸ் இல்லாத குறையை வரிப் பட்டியல் தீர்க்கும். வருஷாவருஷம் எழுதினது. நிலம் எந்த ஓடையில், யார் பேரில் என்ட்ரி (இந்த நிலம் எனக்குன்னு முதலில் பதியுறது), யார் பேரில் சர்வே, யார் பேரில் பட்டா என்று தனித்தனிப் பத்தி இருக்கும். இவர் போன பிறகும் பட்டா பத்தியில் இவர் பேர் தொடரும். அந்த வரியில் வரி கட்டுறவன் யாரோ, நிலம் அவன் கையில்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீங்க. ஜனாதிபதி லிங்கனோட தாத்தாவுக்கு லாங் ரன் ஓடையில் இருந்த 400 ஏக்கர், பதிவில் "லிங்க்ஹார்ன்" பேரில்தான் கிடக்கு.

சங்கிலி சர்வேயர் (ஓய்வு):
தாலுகா ஆபீசில் சங்கிலி இழுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு போல் என்பது பதினாறரை அடி, நம்ம 66 அடிச் சங்கிலியில் கால் பங்கு. 160 சதுர போல் ஒரு ஏக்கர். "வடக்கு 50 மேற்கு" என்றால் வடக்கிலிருந்து மேற்குப் பக்கமாக 50 டிகிரி. நீங்க கொடுத்ததை வரைஞ்சு பார்த்தேன், மூடவில்லை, அதாவது கோடு தொடங்கின இடத்துக்குத் திரும்பி வரலை. கடைசிக் கோட்டுக்கு முந்தி "தெற்கு 50 கிழக்கு 200 போல்" சேர்த்தால் கச்சிதமான செவ்வகம்: 200 பெருக்கல் 320, 64,000 சதுர போல், சரியாக 400 ஏக்கர். பட்டாப் புத்தகத்தில் நகல் எடுத்த குமாஸ்தா ஒரு வரியைத் தாண்டிட்டார். மூல சர்வே தாளைப் பாருங்க, அதில் இருக்கும்.

அந்தத் தாளின் அடியில் சங்கிலி பிடிச்ச ரெண்டு பேர், மரத்தில் குறி வெட்டினவர் பேரும் இருக்கும். பெரும்பாலும் தம்பி, மச்சினன், பக்கத்து நிலத்துக்காரன். குறிச்சு வையுங்க.

வைகைக்கரையான்:
சார், மூல சர்வேயில் அந்த வரி அப்படியே இருக்கு! சங்கிலி பிடிச்சவர்களில் ஒருத்தருக்கு அந்தத் தாத்தாவோட மனைவியின் குடும்பப் பேர்தான். அக்கா சொன்னபடி காரர்ட் வரிப் பட்டியலில் 1797 முதல் 1804 வரை இவரும் இருக்கார். அப்புறம் இல்லை. ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் முழு உரைத் தேடலில் இவர் பேரைப் போட்டால் "டோ எதிர் ரோ" என்ற வழக்குத்தான் வருது. சம்பந்தமே இல்லாத ஆட்கள்.

கோர்ட் கட்டு:
சம்பந்தம் இருக்கு! ஜான் டோ, ரிச்சர்ட் ரோ ரெண்டு பேரும் பொம்மைகள். நிலத்தை விட்டு வெளியேற்றும் வழக்கை அந்தக் காலத்தில் கற்பனைக் குத்தகைதாரன் பேரில்தான் போடுவாங்க. உண்மையான ஆட்கள் உள்ளே, "இன்னாரின் குத்தகைதாரன் டோ" என்று வருவார்கள். இன்டெக்ஸை மட்டும் பார்க்கிறவங்க இதைத் தாண்டிப் போயிடுவாங்க.

கென்டக்கியில் ஒரே மண்ணுக்கு மூணு நாலு பேர் பட்டா வெச்சிருந்தது சகஜம். சர்வேயை அரசாங்கம் முன்கூட்டியே செய்யலை, அவனவன் இஷ்டத்துக்கு அளந்துகிட்டான். ஜனாதிபதியின் அப்பா தாமஸ் லிங்கனே 1816-இல் இண்டியானாவுக்குக் கிளம்பினதுக்கு முக்கியக் காரணம் இந்த உரிமைத் தகராறுதான்.

இப்போ உங்க கேஸ். சட்டப்படி முந்தின பட்டா ஜெயிக்கும். பிந்தின பட்டாக்காரனுக்கு ஒரே வழி, "என் என்ட்ரிதான் முந்தினது" என்று சான்சரி (சட்ட விதியைத் தாண்டி நியாயம் பார்க்கிற கோர்ட்) பக்கம் போறது. அதனால் அதே எதிராளி பேரில் சான்சரி வழக்கு இருக்கான்னு தேடுங்க. தங்கம் அங்கேதான். எந்த மரம், எந்த ஓடை, யார் எப்போ குடிசை போட்டான் என்று பழைய வேட்டைக்காரர்கள் சாட்சி சொல்லியிருப்பாங்க. கென்டக்கியின் பேர்போன வேட்டைக்காரர் டேனியல் பூன் இப்படி எத்தனையோ வழக்கில் வாக்குமூலம் கொடுத்தவர். நடுவில் வாதி இறந்தால் வழக்கு நிற்கும். திரும்ப உயிர்ப்பிக்க வாரிசுகள் எல்லார் பேரையும், மகள்களின் புருஷன்மார் உட்பட, மனுவில் எழுதணும்.

இன்னொண்ணு. 400 ஏக்கர் என்பது 1778 ஜனவரி 1-க்கு முன்னாடி வந்து குடியேறினவங்களுக்கோ சோளம் விதைச்சவங்களுக்கோ அப்போ கென்டக்கியையும் ஆண்ட வர்ஜீனியாவின் 1779 சட்டம் கொடுத்த அளவு. 1779 அக்டோபரில் உட்கார்ந்த நில உரிமைக் கமிஷனர்களின் சான்றிதழ்ப் பதிவில் இவர் எந்த வருஷம் வந்தார்னு இருக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கின வாரன்டாகவும் (நிலம் அளந்து எடுத்துக்கிற உரிமைச் சீட்டு) இருக்கலாம், பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

வைகைக்கரையான்:
கிடைச்சுது! சான்சரி வழக்கு காரர்ட் சர்க்யூட் கோர்ட்டில். 1805-இல் "வாதி இறந்தார்" என்று உத்தரவு, அடுத்த வருஷம் மனைவியும் ஆறு பிள்ளைகளும் தொடர்ந்து நடத்தியிருக்காங்க. மூணாவது மகள்தான் எங்க வீட்டு வழி. முழுக் கட்டுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிற மாநில ஆவணக் காப்பகத்துக்கு எழுதியாச்சு.

லூயிவில் அக்கா:
சபாஷ்! உயில் இல்லாததால் பிள்ளைகளுக்குச் சமபங்கு. மூத்தவனுக்கே எல்லாம் என்ற முறை 1787 ஜனவரியோடு போச்சு. அதனால் ஆறில் ஒரு பங்கு விற்கிற சின்னச் சின்னப் பத்திரங்களா வரும், அதில்தான் அவங்க ஒவ்வொருத்தரும் எந்த ஊருக்குப் போனாங்கன்னு தெரியும். விதவைக்கு மூணில் ஒரு பங்கு ஆயுள் உரிமை, அதை அளந்து பிரிச்ச அறிக்கையும் இருக்கும்.

சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் மாடு, கலப்பைக்கு நடுவில் அடிமைகளின் பேரும் விலையும் வந்தால் அதையும் அப்படியே எழுதி வையுங்க. அவங்க வம்சத்தார் தேடுறதும் இதே தாள்களில்தான், பல பேருக்கு வேற தடயமே கிடையாது. மாமியார் கேட்டால் ஒளிக்காமல் காட்டுங்க.