அட்டனிலிருந்து ஓமான் பாலைவனக் கரைக்கு: சைக்கிளில் மஸ்கட் முதல் சலாலா வரை, மலையில் ஓட்டிய பழக்கம் போதுமா?

டிக்கோயா சைக்கிள்:

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் மஸ்கட்டில் வேலை செய்கிறார், அவரிடம் போய் ஒரு மாதம் நிற்க ஏற்பாடு ஆகிவிட்டது. அந்த மாதத்தில் மஸ்கட், சூர், துக்ம், ஹாஸிக் என்று கடலோரமாகவே சலாலா வரை சைக்கிளில் போய்விட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வரும். கினிகத்தேனையிலிருந்து அட்டன் ஏற்றத்தை வாரம் ஒரு தடவையாவது ஓட்டுகிறேன், நுவரெலியா, பட்டிப்பொல, ஓஹிய பக்கமெல்லாம் பைகளைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஏற்றத்துக்குப் பயமில்லை. வரைபடத்தில் சூரைத் தாண்டினால் பெரும்பகுதி தட்டையாகத்தான் தெரிகிறது, அதனால் நாளைக்கு 120 கிலோமீற்றர் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். லீவு ஜூன், ஜூலையில் சுலபமாகக் கிடைக்கும். என் கணக்கு சரியா? தண்ணீருக்கு என்ன செய்வது? அம்மா தண்ணீரை நினைத்தேதான் பயப்படுகிறார்.

பண்டாரவளை பழைய ரைடர்:

தம்பி, முதலில் அந்த ஜூனை விடுங்கள். நான் ஓமானில் ஏழு வருடம் வேலை செய்தவன், அந்தக் கரையை இரண்டு தடவை சைக்கிளில் பார்த்தவன். மே கடைசியில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழையாகக் கொட்டுகிற தென்மேல் பருவக்காற்று இருக்கிறதல்லவா, அதே காற்றுதான் அந்தக் கரையை ஒட்டியும் ஓடுகிறது. ஓடும்போது கரையோர நீரைக் கடலுக்குள் தள்ளிவிடும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். அதனால்தான் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை சலாலாவில் மூட்டமும் தூறலுமாக, ஏறத்தாழ நம் நானுஓயா மாதிரி இருக்கும், அதைக் கரீஃப் என்பார்கள். ஆனால் நீங்கள் அங்கே போய்ச் சேர வேண்டுமே! மஸீரா, துக்ம் பக்கம் மழை கிடையாது, காற்று மட்டும்தான், அதுவும் தெற்கே போகிற உங்கள் முகத்துக்கு நேரே. ஒரு பிற்பகல் முழுவதும் தட்டை வீதியில் மணிக்கு ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் என்னால் போக முடியவில்லை. நம் ஏற்றத்தில் அடுத்த வளைவில் ஒரு கோயிலோ தேத்தண்ணிக் கடையோ வரும், இறங்கி நிற்கலாம், உச்சி எங்கே என்று தெரியும். எதிர்க்காற்றில் உச்சி என்று ஒன்று இல்லை. மலைக்காரர்கள் அங்கே உடைந்துபோவது இதில்தான்.

டிசம்பர் கடைசி முதல் பெப்ரவரிக்குள் போங்கள். அப்போது வடகீழ்க் காற்று, பெரும்பாலும் முதுகுப் பக்கம் தள்ளும். இடையிடையே பாலைவனத்திலிருந்து மணலை வாரிக்கொண்டும் ஒரு காற்று அடிக்கும், அல் அஷ்கராவுக்குத் தெற்கே மணல்மேடு வீதி மேலேயே ஏறிக் கிடக்கும், இறங்கித் தள்ள வேண்டி வரும். 120 வேண்டாம், 80 என்று வையுங்கள். விடிவதற்குள் கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் காற்று ஏறும்.

தண்ணீர் விஷயத்தில் அம்மா சொல்வது நியாயம்தான். சூர் வரை கவலையே இல்லை. மஹூத்துக்கு அப்புறம் ஒரு நாள் முழுக்கக் கடையே வராத இடங்கள் உண்டு, பத்து லீற்றர் ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் பள்ளிவாசல் கண்டால் நிற்பாட்டுங்கள், பெரும்பாலானவற்றில் வெளியே குளிர்ந்த தண்ணீர்க் குழாய் இருக்கும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பெற்றோல் ஷெட்டை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகளில் அநேகமாக மலையாளிகள்தான், தமிழில் பேசினாலே பரோட்டா, பருப்பு, முட்டை எல்லாம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மட்டும் எல்லாக் கடையும் பூட்டு, அதை மறந்து நான் ஒரு நாள் பேரீச்சம்பழத்தோடு மட்டும் ஓட்டியிருக்கிறேன்.

தலவாக்கலை அக்கா:

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காற்றைப் பழக ஓமானுக்குப் போக வேண்டியதில்லை தம்பி. ஜூலையில் கிடைக்கிற அந்த லீவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போங்கள். மன்னாரிலிருந்து பூநகரி வரை அந்த வீதியில் போகும்போது தென்மேல் காற்று பின்னாலிருந்து தள்ளும், ராஜா மாதிரி இருக்கும். மறுநாள் அதே வீதியில் திரும்பி வாருங்கள். பாரத்தோடு. அந்தத் திரும்பி வருகிற நாள்தான் உங்களுக்கு உண்மையான பரீட்சை. நானும் என் தோழியும் அப்படித்தான் பழகினோம், முதல் தடவை பாதியில் இறங்கி ஒரு மர நிழலில் உட்கார்ந்து அழுதேன், இரண்டாம் தடவை முடித்தேன்.

சாமான் பற்றி: குறைந்தது இரண்டு அங்குல அகல டயர் போடுங்கள், மணலில் காற்றைக் குறைத்து ஓட்டலாம். செயினுக்கு நாம் மழைக்காலத்தில் விடுகிற கட்டி எண்ணெய் அங்கே ஆகாது, மணலை இழுத்து அரைத்துவிடும், மெழுகு வகைதான் நல்லது. உப்புக்காற்றில் ஆணிகள் துருப்பிடித்து இறுகிவிடும், கிளம்புமுன் ஒவ்வொன்றையும் கழற்றி கிரீஸ் தடவுங்கள். பாலைவனம்தானே என்று கூடாரத்தின் மேல்துணியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், கடல் பக்க இரவில் பனி இறங்கி விடியும்போது எல்லாம் சொட்டச்சொட்ட நனைந்திருக்கும்.

மாத்தளை வண்டிக்காரன்:

இரண்டே விஷயம். இருட்டில் ஓட்டாதீர்கள், ஒட்டகம் வீதியிலேயே நிற்கும், வாகனக்காரர்களும் அதைப் பார்த்து வெட்டித் திருப்புவார்கள். அப்புறம், வீதியை விட்டு இறங்கினால் சப்கா என்கிற உப்புச் சேற்றைக் கவனியுங்கள். மேலே காய்ந்து வெள்ளையாக, கெட்டித் தரை மாதிரித்தான் இருக்கும், சைக்கிளோடு கால் வைத்தால் முழங்கால் வரை போகும். பழைய டயர்த் தடம் இல்லாத இடத்தில் குறுக்கு வழி பார்க்கவே வேண்டாம்.

டிக்கோயா சைக்கிள்:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் மிக்க நன்றி. ஜனவரிக்கு லீவு மாற்றித் தருமாறு இன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். ஜூலையில் மன்னார், பத்து லீற்றர் தண்ணீரையும் கட்டிக்கொண்டே போகிறேன். அம்மாவிடம் பள்ளிவாசல் தண்ணீர் பற்றிச் சொன்னேன், கொஞ்சம் நிம்மதி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: ஷுவைமியாவிலிருந்து ஹாஸிக் போகிற வீதி மலை என்கிறார்களே, பாரத்தோடு ஏறலாமா?

பண்டாரவளை பழைய ரைடர்:

ஏறலாம். செங்குத்துதான், ஆனால் பெரகலயிலிருந்து அப்புத்தளைக்கு ஏறியவனுக்கு அது தெரிந்த வேலை. கீழே கடல் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இறக்கத்துக்குப் புது பிரேக் கட்டை போட்டுக்கொண்டு போங்கள்.