டெக்ஸ்ட்பாக்ஸ் பெயரை வேரியபிளில் வைத்துக் கூப்பிடுவது எப்படி?

வணக்கம். கோத்தகிரியில் பச்சைத் தேயிலை வாங்கும் நண்பருக்காக வி.பி. டாட் நெட் என்ற புரோகிராம் மொழியில் ஒரு எடைக் கணக்கு எழுதுகிறேன். 31 நாளுக்கு 31 டெக்ஸ்ட்பாக்ஸ் (எடையைத் தட்டச்சு செய்யும் கட்டம்): நாள்1, நாள்2 என்று பெயர். தனித்தனியாக 31 வரி எழுத இந்தக் குளிரில் விரல் மடங்கவில்லை! ஃபார் லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) 'நாள்' என்பதோடு எண்ணை ஒட்டி, ஃபார்மின் (திரையில் வரும் ஜன்னல்) கன்ட்ரோல்ஸ் தொகுப்பில் அந்தப் பெயரைத் தேடினேன், சரியாக ஓடியது. அழகுக்காக எல்லாவற்றையும் குரூப்பாக்ஸுக்குள் (பல கட்டங்களைச் சேர்த்து வைக்கும் சட்டம்) தள்ளியதும் 'நத்திங்', அதாவது எதுவும் இல்லை என்கிறது. அந்தத் தொகுப்பு ஃபார்மின் மேல் நேரடியாக உள்ளதை மட்டுமே பார்க்கும் என்று அப்புறம்தான் புரிந்தது. கன்ட்ரோல்ஸ்.ஃபைண்டில் பெயரோடு ட்ரூவும் கொடுத்தால் உள்ளே இருப்பதும் கிடைக்கிறது, ஆனால் அரேயாக (வரிசைப் பட்டியலாக) வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதில் முதல் ஆளை எடுத்து டெக்ஸ்ட்பாக்ஸாக மாற்ற வேண்டியிருக்கிறது. இதற்குப் பதில், ஃபார்ம் லோடிலேயே (ஃபார்ம் திறக்கும்போதே) 31ஐயும் ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ் அரேயில் போட்டு வைத்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.