இணைப்பு விமானத்துக்காக ஓர் இரவு முழுவதும் காத்திருப்பு: குறைந்த செலவில் எப்படிச் சமாளிப்பது?

மேகலை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் இருக்கும் அக்காவைப் பார்க்க அம்மாவை அழைத்துக்கொண்டு செல்லவிருக்கிறேன். அம்மாவுக்கு வயது 67. வீட்டுக்குள் நன்றாகவே நடமாடுவார். ஆனால் மூட்டுவலி இருப்பதால் நெடுந்தூரம் நடப்பதும் வெகுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதும் அவருக்குச் சிரமம். நேரடி விமானத்தின் கட்டணம் எங்கள் சக்திக்கு மீறியது. எங்களுக்குக் கட்டுப்படியாகும் பயணங்கள் எல்லாவற்றிலும் இடையே ஓர் இரவு வந்து விழுகிறது: இரவு 9 மணியளவில் இறங்கினால், மறுநாள் காலை 8 மணிக்குத்தான் அடுத்த விமானம்.

இரண்டு வகையான சீட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் இரு விமானங்களும் ஒரே முன்பதிவில் வருகின்றன. மற்றொன்றில் வெவ்வேறு நிறுவனங்களின் சீட்டுகளை நாமே தனித்தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அது இன்னும் மலிவு. இடையில் இறங்கும் ஊரும் இன்னும் முடிவாகவில்லை. விடுதிக்குச் செலவிட வழியில்லை என்பதால், இரவை விமான நிலையத்துக்குள்ளேயே கழித்துவிடலாம் என்று எண்ணுகிறேன். பெட்டிகள் என்னவாகும், விசா தேவைப்படுமா, அம்மா சற்றே கால் நீட்டிப் படுக்க வழி உண்டா, சிறிதளவு பணம் செலவழிக்கலாம் என்றால் அதை எதற்குச் செலவழிப்பது நல்லது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் கூறினால், சீட்டு வாங்கும் முன்பே தெளிவாக ஒரு முடிவுக்கு வர உதவியாக இருக்கும்.

நெடுவழி எழுதிய பதில்:

சீட்டு வாங்கும் முன்பே கேட்டது மிகவும் நல்லது. உங்கள் கேள்விகளில் பெட்டியைப் பற்றியதையே நான் முதலில் எடுத்துக்கொள்வேன். குடிநுழைவுச் சோதனைக்கு உள்ளேயா, அதைத் தாண்டி வெளியேயா, எந்தப் பக்கம் இரவைக் கழிக்கப் போகிறீர்கள் என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

ஒரே முன்பதிவில் இரண்டு விமானங்களும் இருந்தால், புறப்படும் இடத்திலேயே பெட்டிகளை இறுதி ஊர் வரை பதிந்து அனுப்புவது வழக்கம். பெட்டியில் ஒட்டும் சீட்டில் இறுதி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று செக்-இன் மேசையை விட்டு நகரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விமானத்தின் போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அப்படியானால் நடுவழியில் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டாமல், பாதுகாப்புச் சோதனை ஒன்றை மட்டும் முடித்துக்கொண்டு, விமானம் மாறுவோர் காத்திருக்கும் டிரான்சிட் பகுதியிலேயே இருந்துவிடலாம். முதல் விமானம் தாமதமாகி இணைப்பைத் தவறவிட்டாலும், அடுத்த விமானத்தில் உங்களை ஏற்றி அனுப்ப வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு.

தனித்தனிச் சீட்டுகளில் நிலைமை தலைகீழாகிவிடும். பொதுவாக நடுவில் அந்த நாட்டுக்குள் நுழைந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, வெளிக்கூடத்துக்கு வந்து, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அந்த நாட்டுக்கு விசா தேவை என்றால் அதற்கான கட்டணமும் உங்கள் கணக்கில் ஏறும். பெரும்பாலான நிறுவனங்கள் நெடுந்தூர விமானம் புறப்பட ஏறத்தாழ 3 மணி நேரத்துக்கு முன்புதான் பெட்டிகளைப் பெற்றுக்கொள்ளத் தொடங்குகின்றன என்பதால், காலை 8 மணி விமானத்துக்கு விடியற்காலை 5 மணி வரை பெட்டிகளும் கையுமாக வெளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க நேரும். உள்ளே கிடைக்கும் இருக்கைகளும் ஓய்விடங்களும் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது சீட்டுக்குக் கொடுத்த பணமும் போய்விடக்கூடும். மூட்டுவலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லும்போது, கட்டண வித்தியாசம் எவ்வளவாக இருந்தாலும் அந்த வழியை நான் தேர்ந்தெடுக்கவே மாட்டேன்.

ஒரே முன்பதிவாக இருந்தாலும் விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்காவில் டிரான்சிட் பகுதி என்ற ஏற்பாடே கிடையாது. அங்கு விமானம் மாறுகிற வெளிநாட்டுப் பயணிகள் அனைவரும் குடிநுழைவைக் கடந்தே ஆக வேண்டும், அதற்கேற்ற விசாவோ அனுமதியோ கையில் இருக்க வேண்டும். தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் ஒரே ஒரு விமான நிலையத்தில் மாறிவிட்டு வெளியேறுவது வேறு, இரண்டு ஷெங்கன் நகரங்களில் அடுத்தடுத்து மாறுவது வேறு. இரண்டாவதில் ஷெங்கன் எல்லைக்குள் நுழைந்ததாகவே கணக்கு. முதல் வகையிலும் சில நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு விமான நிலைய டிரான்சிட் விசா கேட்கிறார்கள். அந்த விசாவை வைத்துக்கொண்டு நிலையத்தை விட்டு வெளியே போக முடியாது. செக்-இன் மேசையில் இருப்பவர்கள் விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவின் டைமேடிக் என்ற பயண ஆவண விதிகளின் தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே சீட்டு வாங்கும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் கடவுச்சீட்டுக்கும் பயணவழிக்கும் அதில் என்ன விதி இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த நிலையம் இரவில் இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். சிட்னியில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரையிலும், ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரையிலும் வழக்கமான விமானப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. இத்தகைய இடங்களில் கடைகள் அடைக்கப்பட்டுவிடும். சில நிலையங்களில் கட்டடத்தையே பூட்டிப் பயணிகளை வெளியேற்றிவிடுவார்கள். தோஹா, துபாய் போன்ற இடங்களிலோ நள்ளிரவுக்குப் பிறகுதான் பரபரப்பே தொடங்கும். உணவு, மருந்தகம், ஆள் நடமாட்டம் எல்லாம் இருக்கும். அமைதியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். அன்று அந்த நிறுவனத்தில் அதைவிடச் சீக்கிரமான இணைப்பே இல்லாமல் நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால், சில நிறுவனங்கள் தம் செலவிலேயே விடுதி அறை தருகின்றன. துறையில் இதை எஸ்.டி.பி.சி. என்பார்கள். கட்டண வகை, காத்திருப்பு நேரம் ஆகியவற்றைப் பொறுத்த நிபந்தனைகள் உண்டு. பெரும்பாலும் பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே கேட்டுப் பதிய வேண்டும். கேட்காதவர்களுக்குத் தானாக யாரும் தருவதில்லை. விடுதி ஊருக்குள் இருந்தால் விசா தேவைப்படக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

இராவிழிப்பு எழுதிய பதில்:

நெடுவழி கூறியதை அப்படியே வழிமொழிகிறேன். டிரான்சிட் பகுதியில் இரவைக் கழிப்பது என்று முடிவானால், இறங்கியவுடன் முதல் அரைமணி நேரத்தை இடம் தேடுவதற்கே ஒதுக்குங்கள். இரவு 11 மணிக்கு மேல் நல்ல இடங்கள் எல்லாம் நிரம்பிவிடும். அம்மாவை ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் சுற்றிப் பார்த்து வரலாம். இருவரும் அலைய வேண்டியதில்லை.

விமானம் ஏறும் வாயிலான கேட்டில் உள்ள பெரும்பாலான இருக்கைகளுக்கு நடுவே கைப்பிடிகள் இருப்பதால் படுக்க முடியாது. ஓய்வறை, அமைதிக்கூடம், ஸ்னூஸ் லவுஞ்ச் என்ற பெயர்களில் சாய்வு இருக்கைகள் போட்ட பகுதி இருக்கிறதா என்று நிலையத்தின் வரைபடத்தில் பாருங்கள். சிங்கப்பூர் சாங்கியில் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே இப்படிப்பட்ட இடங்கள் இலவசமாக உள்ளன. அவை இல்லாவிட்டால், அடுத்த விமானம் விடியும் வரை இல்லாத கேட் ஒன்றைப் பலகையில் பார்த்துக் கண்டுபிடித்து, தரைவிரிப்பு உள்ள மூலையில் இடம் பிடியுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருப்பது வசதி. ஆனால் கதவுக்கு நேர் எதிரே வேண்டாம், கை உலர்த்தும் கருவியின் இரைச்சல் இரவெல்லாம் ஓயாது. கூரையில் குளிர்காற்று வரும் துளைக்கு நேர் கீழேயும் வேண்டாம். விடியற்காலை 3 மணிவாக்கில் தரையைக் கழுவும் வண்டி வந்து எல்லோரையும் எழுப்பும். சுவரோரமாக இருந்தால் அது ஒதுங்கிப் போய்விடும்.

குளிர்தான் இரவின் பெரிய தொல்லை. வெளியே எவ்வளவு வெயில் அடிக்கும் ஊராக இருந்தாலும், உள்ளே நள்ளிரவுக்கு மேல் உடம்பு நடுங்கும். அம்மாவுக்குக் காலுறை, சால்வை, தலையையும் காதையும் மூடும் துணி ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிந்து அனுப்பிய பெட்டியில் இருந்தால் ஒன்றும் பயனில்லை.

காலி குடிநீர்ப் புட்டியைக் கொண்டுபோய்ச் சோதனையைத் தாண்டியபின் உள்ளே நிரப்பிக்கொண்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம். பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். அதைக் கைப்பையில் மட்டுமே வைக்கலாம். பல நிலையங்களில் வைஃபைக்கான கடவு எண் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகத்தான் வரும். ரோமிங் இல்லாதவர்கள், கடவுச்சீட்டைக் காட்டினால் எண் தரும் இயந்திரமோ தகவல் மேசையோ எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பயணச்சீட்டு, அக்காவின் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

அலாரம் வைப்பதில் மிகுந்த கவனம் தேவை. வலையிணைப்பு கிடைக்காத கைப்பேசி, புறப்பட்ட ஊரின் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். அதை நம்பி 6 மணிக்கு எழுப்பச் சொன்னால், அது எந்த ஊரின் 6 மணி என்பதே தெரியாது. மணி வைப்பதற்குப் பதிலாக, இன்னும் இத்தனை மணி நேரம் கழித்து ஒலிக்க வேண்டும் என்று டைமரில் வைத்துவிடுங்கள். நேர மண்டலம் எதுவானாலும் அது தவறாது. இப்போது பல நிலையங்களில் விமானம் ஏற அழைக்கும் ஒலிபெருக்கி அறிவிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்பதால், யாராவது அழைப்பார்கள் என்று தூங்கிவிட முடியாது. எழுந்தவுடன் பலகையைப் பாருங்கள். இரவோடு இரவாக கேட் எண் மாறியிருக்கலாம்.

மேகலை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தனித்தனிச் சீட்டு எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். அம்மாவைத் தரையில் படுக்க வைக்கத்தான் மனம் ஒப்பவில்லை. சக்கர நாற்காலி உதவி கேட்டால் இரவு முழுவதும் யாராவது உடன் இருப்பார்களா? லவுஞ்சுக்குப் பணம் கட்டி உள்ளே போவது நல்ல யோசனையா?

கைத்தாங்கல் எழுதிய பதில்:

வயதானவர்களுடன் பயணம் செய்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். சக்கர நாற்காலி உதவியைக் கட்டாயம் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. சீட்டுப் பதியும்போதோ, பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்போ சொல்லிவிட வேண்டும். படி ஏற முடியும், ஆனால் நீண்ட தூரம் நடக்க முடியாது என்பவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.ஆர். என்றும், படியும் ஏற முடியாதவர்களுக்கு டபிள்யூ.சி.எச்.எஸ். என்றும் குறியீடு போடுவார்கள். முன்பதிவில் இரண்டு விமானங்களுக்கும் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் விடுபட்டுப் போவது உண்டு.

ஆனால் உதவியாளர் இரவு முழுவதும் உடன் இருக்க மாட்டார். விமானத்தின் வாசலிலிருந்து அழைத்து வந்து, சிறப்பு உதவி வேண்டுவோருக்கான காத்திருப்புப் பகுதியிலோ கேட்டிலோ விட்டுவிட்டு, நாற்காலியையும் எடுத்துக்கொண்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார். அவர் கிளம்பும் முன், காலையில் எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு வந்து அழைத்துப் போவார்கள், வரவில்லை என்றால் எந்த மேசையில் கேட்க வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் காத்திருப்புப் பகுதி கழிப்பறைக்குப் பக்கத்தில், ஊழியர்களின் கண்பார்வையில் இருந்தால் அங்கேயே இரவைக் கழிக்க அனுமதி கேளுங்கள். பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

லவுஞ்ச் பற்றி என் கருத்து சற்று வேறு. அங்கு ஆளுக்கு ஒரு கட்டணம்; பல இடங்களில் 3 மணி நேரம்தான் அனுமதி; நள்ளிரவில் மூடிவிடும் லவுஞ்சுகளும் உண்டு. இருக்கைகளும் உட்காருவதற்கு ஏற்றவையே தவிரப் படுப்பதற்கானவை அல்ல. சில நிலையங்களில் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிறிய அறைகள் இருக்கின்றன. இவற்றை 4 அல்லது 6 மணி நேரத் தொகுதிகளாகத் தருகிறார்கள். அறைக்குத்தான் கட்டணம் என்பதால் இருவர் பகிர்ந்துகொள்ளலாம். கட்டிலும் பல இடங்களில் குளியலறையும் கிடைக்கும். இரண்டு லவுஞ்ச் கட்டணத்தையும் ஓர் அறைக் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை அம்மாவுக்குப் படுக்கை கிடைத்தாலே போதும், அதற்கு முந்தைய நேரத்தை வெளியே உட்கார்ந்து கழித்துவிடலாம். அறை குடிநுழைவுக்கு உட்புறம் இருக்கிறதா என்பதை மட்டும் பணம் கட்டும் முன் உறுதி செய்யுங்கள். ஒரே பெயரில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் இருக்கும் நிலையங்கள் உண்டு. உங்களிடம் இருக்கும் சிறு தொகையை நான் இதற்குத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இது சொகுசுக்காக மட்டும் சொல்வது அன்று. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கண்டறிந்தது. விமானத்தில் உட்கார்ந்து வந்துவிட்டு, இரவெல்லாம் இருக்கையில் உட்கார்ந்திருந்து, மறுபடியும் விமானத்தில் உட்காருவது அம்மாவின் கால்களுக்கு நல்லதல்ல. அறை கிடைக்கவில்லை என்றால் கைப்பையை எதிரே வைத்து அதன்மேல் காலை நீட்டச் சொல்லுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் நடக்க வையுங்கள், கணுக்காலைச் சுழற்றச் சொல்லுங்கள். அம்மாவின் மாத்திரைகள் முழுவதும், மருத்துவர் சீட்டோடு, கைப்பையிலேயே இருக்கட்டும். நேர மண்டலம் மாறுவதால் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, இடைவெளிக் கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நெடுவழி மீண்டும் எழுதியது:

அறை யோசனை என் மனத்துக்கும் சரியாகப் படுகிறது. ஊருக்குள் போய்ச் சுற்றிவிட்டு வரலாம் என்று யாராவது சொன்னால், இரவு 9 மணிக்கு இறங்குபவர்களுக்கு அது பொருந்தாது. சாங்கியில் டிரான்சிட் பயணிகளுக்கு ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி இருந்தால் இலவசச் சுற்றுலா உண்டு. ஆனால் அது பகல், மாலை வேளைகளில் மட்டுமே. இரவில் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணத்தை அறைக்குக் கொடுத்துவிடலாம்.

உள்ளே எதற்காவது அட்டையில் பணம் செலுத்தும்போது, உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டு நாணயத்துக்குச் சம்மதித்தால் மாற்று விகிதத்தில் கூடுதல் தொகையைச் சேர்த்துவிடுவார்கள். அறை தரும் நிறுவனங்கள் சிலவற்றில் முன்பதிவை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதால், முதல் விமானத்தின் நேரம் மாறாது என்பது உறுதியானபின், பயணத்துக்குச் சில நாட்கள் முன்பாகப் பதிந்துகொள்வது நல்லது.