மறுபடியும் மருந்தேற்ற வந்தவர்களைச் சந்தித்தது பற்றி: மலையகச் சகோதரிகளின் அனுபவப் பகிர்வு

ஹட்டன் பகுதியிலிருந்து, ஓர் ஆசிரியை:

சூலகப் புற்றுநோய் கண்ட நாம் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லும்போது, சிகிச்சை முடிந்து, முடி வளர்ந்து, வேலைக்குத் திரும்பியவரையே முன்னால் நிறுத்துகிறோம். அதில் பிழையில்லை, அப்படிப்பட்ட பெண்களின் கதைகள் எனக்கும் தேவைப்பட்டன. எனினும், எனக்குப் பெருந்துணையாக இருந்தவர், நோய் திரும்ப வந்து இரண்டாம் சுற்று மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா. அவரைப் போன்றவர்களை நம் பேச்சிலிருந்து மெல்ல ஒதுக்கிவிடுகிறோமோ என்ற கவலை எனக்கு நெடுநாளாக இருப்பதால், அவரைச் சந்தித்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படியொரு சந்திப்பு வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

என் நோய் பிடிபடவே பல மாதங்கள் சென்றன. அரை ரொட்டி சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். ஒரு பாடவேளை முடியும் முன்பே சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருக்கும். சேலை கட்டும்போது வயிறு பெருத்திருப்பது தெரியும். கேஸ்ட்ரைட்டிஸ் என்று மருந்து தந்தார்கள். ஸ்கேன் எடுத்த பிறகுதான் வயிற்றில் நீர் கோத்திருப்பதும் சூலகத்தில் கட்டி இருப்பதும் தெரியவந்தன. முதலில் 3 தடவை கீமோ, அடுத்துச் சத்திரசிகிச்சை, பின்னர் மீண்டும் 3 தடவை கீமோ என்று வைத்தியர் திட்டமிட்டார். பக்லிடாக்செல், கார்போபிளாட்டின் ஆகிய இரண்டு மருந்துகளை 3 வாரங்களுக்கு ஒரு முறை ஏற்றுவது இந்த நோய்க்கு வழக்கமான முதற்சிகிச்சை என்பதால், நம்மில் பலருக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடமாகியிருக்கும்.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு விடியுமுன் ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்கிச் செல்வேன். அங்கே வாங்கில் என் அருகில் அமர்ந்திருந்த அந்த அக்கா, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியுமே தவிர சரளமாகப் பேச வராது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் தாதியரோடு தயக்கமின்றிச் சிங்களத்தில் பேசுவார். கிளினிக் கொப்பியில் இருந்ததை நான் வாசித்துச் சொல்ல, கேட்க வேண்டியதை அவர் கேட்டார். நோய் 2 வருடங்களுக்குப் பிறகு திரும்பியிருக்கிறது என்று அவர் சொன்னபோது, எதிரே இருந்த ஒரு பெண் தன் தாயை மெதுவாக எழுப்பி வேறு வாங்குக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அக்கா அதைக் கவனித்தார். “பயப்படுறாங்க, பாவம். பயம் இருக்கத்தானே செய்யும்” என்று மட்டும் சொன்னார்.

முதற்சிகிச்சை முடிந்து 6 மாதங்களுக்கு மேல் கழித்து நோய் திரும்பினால் பெரும்பாலும் கார்போபிளாட்டினையே மறுபடியும் கொடுப்பார்கள். அவருக்கும் அதைத்தான் ஏற்றினார்கள். மருந்து இறங்கிச் சிறிது நேரத்தில், அவர் இடது உள்ளங்கையைக் கதிரையின் இரும்புக் கைப்பிடியில் தேய்க்கத் தொடங்கினார். பின்பு மறு கையையும் தேய்த்தார். கழுத்து சிவந்து வந்தது. உடனே குரலை உயர்த்தி “மிஸ்!” என்று கூப்பிட்டார். தாதி ஓடி வந்து சேலைனை நிறுத்தினார், வைத்தியர் வந்தார், ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் அவருக்குச் சீராகியது. இந்த மருந்தைப் பல தடவை ஏற்றிய பிறகு ஒவ்வாமை வரலாம் என்பதும், அது உள்ளங்கை அரிப்பாகத் தொடங்கலாம் என்பதும் அவருக்கு வேறொரு நோயாளி சொல்லித் தெரிந்திருந்தன. வியர்வை அடங்குமுன்னே அவர் என் பக்கம் திரும்பி, “தங்கச்சி, கை அரிச்சா, மூச்சு முட்டுனா, முகம் சூடானா அந்த நிமிஷமே கூப்பிடணும். மிஸ்ஸுக்கு வேலை இருக்குன்னு பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது” என்றார். இதை எனக்குச் சொல்லித்தர முதல் தடவை வந்தவர் எவராலும் முடிந்திருக்காது.

பண்டாரவளைப் பகுதியிலிருந்து (அம்மா சொல்ல மகள் எழுதுகிறேன்):

எனக்கும் இரண்டாம் முறை வந்த ஒருவரே வழிகாட்டினார். பதுளையில் கிளினிக்குக்குப் போனபோது, கைவிரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன என்று நான் சொல்லக் கேட்டு, அவர் என் காலணியைக் கழற்றச் சொன்னார். பாதத்தின் பக்கவாட்டில் ஒரு காயம் இருந்தது. எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாது. பக்லிடாக்செல் நரம்பைத் தாக்குவதால் விரல்களிலும் பாதங்களிலும் உணர்வு குறையும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனால் மலையில் வாழும் பெண்ணுக்கு அதனால் என்ன நேரும் என்பதை அந்த அம்மாதான் எடுத்துச் சொன்னார்.

மழைக்காலத்தில் அட்டை கடித்தால் நமக்குத் தெரியாது. இரத்தத் தட்டுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அட்டை விட்ட இடத்தில் இரத்தம் நிற்காமல் கசியும். குளிருக்கு அடுப்படியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தால் சுடுவதும் தெரியாது. ஆகவே தினமும் மாலையில் பாதத்தை, விரல் இடுக்குகள் உட்பட, யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். வெந்நீரில் முழங்கையை வைத்துப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். மேசு போட்டே நடக்க வேண்டும். காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதையும் அவர்தான் அழுத்திச் சொன்னார். 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் எங்கள் லயத்துக்கு வாகனம் ஏறாது. பெரிய பாதை வரை தூக்கிக்கொண்டு வர யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளச் சொன்னார். பேசி வைத்தோம். ஒரு நாள் இரவு அது பயன்பட்டது.

நான் மீண்டும் கொழுந்து பறிக்கப் போனபோது, இரண்டு இலையும் மொட்டும் விரலுக்குள் இருக்கின்றனவா இல்லையா என்பதே தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துப் பறித்தால் நிறை சேராது. அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாயாக உயர்ந்தது நல்லதுதான். ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு அந்தச் சம்பளமும் இல்லை, பஸ் காசு வேறு. அந்த அம்மாவின் ஆலோசனைப்படி வைத்தியரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, தேயிலை நாற்றுமேடையில் வேலை கேட்டேன், கிடைத்தது. மரத்துப்போனது பலருக்கு மாதக்கணக்கில் குறைந்துகொண்டு வரும் என்றும், சிலருக்கு முழுமையாகப் போகாது என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். அவருக்குப் போகவில்லை. அதைச் சொன்னதால்தான் அவர் சொன்ன மற்றவற்றையும் நம்பினேன்.

தலவாக்கலையிலிருந்து, ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவ மாது:

பணியில் இருந்த காலத்தில் 35 வயதான பெண்களை வீடு வீடாகச் சென்று அழைத்து வந்து, மகளிர் சுகநல கிளினிக்கில் பாப் பரிசோதனை செய்வித்தவள் நான். எனக்கே சூலகப் புற்றுநோய் வந்தபோது, நான் அழைத்து வந்த பெண்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்து, “அந்தப் பரிசோதனை நல்லா இருந்துச்சே, மிஸ்?” என்று கேட்டார். பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கு உரியது. அது சூலகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இதைச் சகோதரிகள் அனைவரும் தத்தம் தோட்டங்களில் சொல்ல வேண்டும். நோய்க்குறி ஏதும் இல்லாத பெண்களில் சூலகப் புற்றுநோயைக் கண்டறிந்து உயிரிழப்பைக் குறைக்கும் பரிசோதனை இன்றுவரை இல்லை. பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை நீண்ட காலம் தொடர்ந்து பரிசோதித்த ஆய்வின் இறுதி முடிவு 2021 இல் வெளிவந்தபோதும் இதுவே தெரியவந்தது. ஆகவே வயிற்று உப்புசமும், சீக்கிரம் வயிறு நிரம்புவதும், அடிவயிற்று வலியும், அடிக்கடி சிறுநீர் போவதும் புதிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் நீடித்தால் ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகத்தில் அல்லது சூலகத்தில் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். நாம் சந்தித்தவுடன், நோயின் போக்கைப் பார்க்க இரத்தத்தில் அளக்கும் சீஏ 125 எண்ணை ஒப்பிடத் தொடங்குகிறோம். 35 க்குக் கீழே இருந்தால் இயல்பு என்று ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும். மாதவிடாய்க் காலத்திலும், கருப்பை நார்க்கட்டியிலும், வேறு பல காரணங்களாலும் அந்த எண் ஏறும். ஆரம்ப நிலையில் புற்றுநோய் இருந்தும் ஏறாமல் இருக்கும் பெண்கள் உண்டு. ஒருவரின் எண்ணை அவருடைய முந்தைய எண்ணோடுதான் பார்க்க வேண்டும். பக்கத்திலிருப்பவரின் எண்ணோடு பார்க்கக் கூடாது. என்னோடு இரண்டாம் முறை சிகிச்சை பெற்ற ஒரு சகோதரி, வாங்கில் நடந்த இந்த ஒப்பீட்டைக் கேட்டுவிட்டு அடுத்த கிளினிக்குக்கே வரவில்லை. அவரைத் தேடிப் போய் அழைத்து வர வேண்டியிருந்தது.

நுவரெலியாவிலிருந்து:

எனக்கு இன்னும் திருமணமாகவில்லை. எனக்கு வந்தது இளம் பெண்களுக்கு வரும் முளைக்கலக் கட்டி, அதாவது முட்டை உருவாகும் கலங்களில் தோன்றும் புற்றுநோய். அதற்கு மருந்தும் வேறு, குணமாகும் வாய்ப்பும் மிக அதிகம். ஒரு சூலகத்தையும் கருப்பையையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனாலும் வீட்டில் “வயிற்றில் கட்டி” என்பதற்கு மேல் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கட்டளை. இராகலையில் இருக்கும் ஒரு பெரியம்மா, தமக்கு நோய் மூன்றாம் தடவை வந்திருந்த நிலையிலும், என் அம்மாவின் பழைய சிநேகிதி என்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவோடுதான் அதிகம் பேசினார். அவர் போன பிறகு அம்மா என் சித்தியை அழைத்து உண்மையைச் சொன்னார். இதற்கு மேல் எழுத எனக்கு இப்போது முடியவில்லை, மன்னிக்கவும்.

பொகவந்தலாவையிலிருந்து:

இவற்றையெல்லாம் வாசித்த பிறகே எழுதத் துணிந்தேன். எனக்கு நோய் திரும்ப வந்து சில மாதங்களாகின்றன. முதல் தடவை சிகிச்சை முடித்தபோது, புதிதாக நோய் கண்ட பெண்களோடு பேச என்னை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஸ்கேனில் மறுபடியும் தெரிந்த பிறகு அந்த அழைப்புகள் நின்றுவிட்டன. யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை அறிவேன். என்னிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் திரும்ப வருகிறது என்றால், நாம் பேச வேண்டிய விடயமே அதுவல்லவா? திரும்ப வந்தவளை மறைத்துவிட்டு, புதிதாக வருபவளுக்கு எதைச் சொல்லித்தரப்போகிறோம்?

என்னிடம் வருபவர்கள் நோயைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பதில்லை. “தெம்பா இருங்க, கடவுள் இருக்கார்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத் திரும்பாமல், உள்ளே வந்து ஒரு சாயத்தண்ணி குடிக்கும் நேரமாவது இருக்க வேண்டும். என் மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். முதல் தடவை அவனிடம் எதையும் மறைக்கவில்லை, இம்முறை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இதைச் செய்த தாய்மார் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். எனக்கும் கார்போபிளாட்டினையே மறுபடியும் ஏற்றப்போகிறார்கள். உள்ளங்கை அரிப்பு பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஹட்டன் பகுதி ஆசிரியை மீண்டும்:

பொகவந்தலாவைச் சகோதரி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. என் மகளுக்கு அப்போது 14 வயது. அவளிடம் சொன்னபோது அந்த மஸ்கெலியா அக்கா என் அருகில் இருந்தார். நோய் திரும்பியிருக்கிறது, மருந்து இருக்கிறது, இந்தந்த நாட்களில் அம்மா வீட்டில் இருக்க மாட்டேன், அந்த நாட்களில் இன்னார் சமைப்பார் என்ற நான்கு விடயங்களை மட்டும் முதலில் சொல்லும்படியும், மற்றவற்றைப் பிள்ளை கேட்கும்போது சொல்லும்படியும் அவர்தான் அறிவுறுத்தியிருந்தார். ஆம், எனக்கும் நோய் திரும்பியது. முன்பு நான் அதை எழுதவில்லை. இப்போது இரண்டாம் சுற்று முடிந்து, பரிசோதனைகளில் நோய் அமைதியாக இருக்கிறது. அக்கா சென்ற வருடம் காலமாகிவிட்டார். இறுதிக் கிரியைக்கு, வாங்கில் அவரோடு இருந்த பெண்கள் பலர் வந்திருந்தார்கள்.

பரீட்சைக்குப் படிக்கும் பையனாக இருந்தால், வகுப்பாசிரியரிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது; தேவையானால் நானே பாடசாலைக்கு வந்து பேசுகிறேன். மருந்தேற்றும் நாளன்று நீங்கள் தனியாக இறங்க வேண்டாம். பொகவந்தலாவையிலிருந்து முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து நான் உங்களோடு மகரகமவுக்கு வருகிறேன். கிளினிக் கொப்பி, பழைய மருந்தேற்றத்தின் விபரத் துண்டு, கடைசி இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்து வாருங்கள். முதல் சுற்றில் எத்தனை தடவை கார்போபிளாட்டின் ஏற்றினார்கள் என்பதைத் தாதியிடம் நாமே முதலில் சொல்லிவிடுவோம். உங்கள் திகதி எப்போது என்று எழுதுங்கள்.