பள்ளிக்கரணையில் எடுத்த படங்களும் டீக்கடையில் கிடைத்த கருத்துகளும்

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் புகைப்படம் தொழில் இல்லை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், ஒரு பல் டாக்டர், ஐடி வேலையில் இருக்கும் சிலர், கல்லூரிப் பிள்ளைகள். குளிர்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்திலோ பெரும்பாக்கம் ஏரிப் பக்கமோ நிற்போம். வெயில் ஏறியதும் டீக்கடை. கேமராக்கள் கைமாறும், பேச்சு ஆரம்பிக்கும். அந்தப் பேச்சில் நடந்த சிலவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகவே ஆசை.

முதலில் லென்ஸ் விஷயம். பொறியியல் படிக்கும் பையன் ஒருவன், பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் தூரத்துப் பறவையைப் பெரிதாகக் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். தூரத்துப் பூநாரைக் கூட்டத்தை எடுத்திருந்தான். ஒரு பறவைக்கும் விளிம்பு சுத்தமாக நிற்கவில்லை, எல்லாம் கரைந்த மாதிரி இருந்தது. "லென்ஸ் சரியில்லைன்னு நினைக்கிறேன் சார், வித்துடலாமா?" என்று கேட்டான். ஷட்டர் வேகம் போதாது, டிரைபாட் வேண்டும், அப்பர்ச்சரைக் கொஞ்சம் குறை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். டாக்டர் மட்டும் படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தார். ஷட்டர் 1/2000 நொடி, கை நடுக்கம் தெரியாத அளவு வேகம்தான். எடுத்த நேரம் பத்தே முக்கால்.

"தம்பி, இதே லென்ஸ்ல காலையில எடுத்தது ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஏழேகாலுக்கு, கிட்டத்தில் நின்ற நெடுங்கால் உள்ளான். சிவந்த கண்ணும், இளஞ்சிவப்புக் காலில் ஒட்டிய சேறும் கத்தி மாதிரி கூர்மையாகத் தெரிந்தன. லென்ஸில் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறினால் தரையை ஒட்டிய காற்று சூடாகி நெளிய ஆரம்பிக்கும். அந்தக் கானலுக்கு ஊடே தூரத்துப் பறவையை எடுத்தால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் தோற்றுத்தான் போகும். ஒன்று, சீக்கிரம் வர வேண்டும். இல்லையென்றால் கிட்டத்தில் வரும் பறவைக்காகக் காத்திருக்க வேண்டும். லென்ஸ் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

கருத்து சொல்வது என்றால் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வரும். டாக்டர் தீர்ப்பு சொல்லவில்லை. எப்போது, எவ்வளவு தூரத்தில் எடுத்தது என்று விசாரித்தார். அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்பது அதிலிருந்தே கிடைத்துவிட்டது. 'சூப்பர்' என்பதில் அப்படி ஒன்றும் கிடைப்பதில்லை. 'நல்லா இல்லை' என்பதிலும் கிடைப்பதில்லை.

கொக்கு எடுக்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: வெள்ளைப் பறவை, பின்னால் இருண்ட நாணல் என்றால் கேமரா இருட்டைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகெல்லாம் வெளுத்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் இறக்கி வையுங்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்). வெளுத்துப்போன இறகை வீட்டில் எந்த சாஃப்ட்வேரும் மீட்டுத் தராது.

ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் கூட்டுக்குள் வாயைப் பிளந்து நிற்கும் குஞ்சுகளின் படத்தைக் காட்டினார். ஃபோகஸ், வெளிச்சம், எல்லாம் அவ்வளவு கச்சிதம். வங்கி சார் மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு பக்கத்துல போனீங்க? தாய்ப் பறவை அப்ப எங்க இருந்துச்சு?" வந்தவருக்கு முகம் மாறிவிட்டது. நாம் கூட்டருகே நிற்கிற வரை தாய் திரும்பாது, அந்த நேரத்தில் காக்கையோ வெயிலோ குஞ்சுகளை முடித்துவிடலாம் என்று சார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்புறம் பக்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர் இன்றும் எங்களோடு வருகிறார், கூட்டுப் படம் எடுப்பதில்லை. அழகான படம் என்பதற்காக அன்று யாராவது பாராட்டியிருந்தால் அது பெரிய தப்பாகப் போயிருக்கும் என்றே நம்புகிறேன்.

இன்னும் முடியாத வாக்குவாதம் ஒன்று உண்டு. கல்லூரி மாணவி ஒருத்தி, கேமரா இல்லை, போனில்தான் எடுப்பாள். அவள் காட்டிய படத்தில் நீலத் தாழைக்கோழி ஒன்று ஓரமாக, விரல் நுனி அளவுக்கு நிற்கிறது. சுற்றிலும் ஆகாயத்தாமரை. பின்னால் பெருங்குடிக் குப்பை மேடு, அதற்கும் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். "பின்னணி முழுக்கக் குப்பை, கிராப் பண்ணிடும்மா" என்றார் வங்கி சார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம் இது. இந்தப் பக்கம் குப்பை, அந்தப் பக்கம் கட்டடம், நடுவில் மிச்சமிருக்கும் தண்ணீரில் ஒரு பறவை. அவள் பார்த்ததே அதைத்தானே? பின்னணியை வெட்டினால் நீலத் தாழைக்கோழி மட்டும் மிஞ்சும், அந்தப் படம் எல்லோரிடமும் இருக்கிறது.

ஆனால் படத்தில் குறை இருந்தது உண்மை. பறவை இலைகளோடு கலந்துபோய்விட்டது, கண் அங்கே போகவே இல்லை. அவளிடம் சொன்னேன்: "தாழைக்கோழி நடக்கும்போது வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கும், பாத்திருக்கியா? அடியில் பளிச்சென்று வெள்ளை தெரியும். அந்த நொடிக்காகக் காத்திரு. டிஜிட்டல் ஜூம் வேண்டாம். பறவை ஃப்ரேமுக்கு உள்பக்கம் பார்த்து நடக்கட்டும்."

சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். பறவை முன்பிருந்த அளவுதான். ஆனால் பச்சைக்கு நடுவே அந்த வெள்ளை வால், கண் நேராக அங்கே போய், பிறகு குப்பை மேட்டுக்கு ஏறுகிறது. சார் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வால் பிரமாதம்மா, குப்பைதான் கொஞ்சம் அதிகம்" என்றார். இருக்கட்டும் சார் என்றாள். படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறேன், முழு ஃப்ரேமாக.